முதலில் காதுக்குக் கொடுங்கள்

காது கேளாமைக்காகக் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்திய பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களிடம் கொஞ்சம் கண்டித்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நானும் அப்படி ஒரு மகளுக்குத் தாய் என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் போதும், விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்துகிறீர்கள். "மாமாவுக்கு உன் பேரைச் சொல்லு. ஸ்கூல் பேரைச் சொல்லு. இன்னும் தெளிவாச் சொல்லு." பிள்ளை சொல்கிறது. வந்தவருக்குப் புரியவில்லை. உங்கள் முகம் வாடுகிறது. அந்த வாட்டத்தைப் பிள்ளை பார்க்கிறது. கேட்பதில் பிந்திய பிள்ளை முகத்தைப் படிப்பதில் முந்திக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாதா? பேச்சு என்றால் அம்மாவின் முகம் வாடும் சமாச்சாரம் என்று அது ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், பிறகு வாயைத் திறக்க வைப்பது எவ்வளவு பாடு!

பேச்சு தெளிவாக வரவில்லையே என்ற கவலையை நான் குறை சொல்லவில்லை. காப்பீட்டு அட்டைக்கும் சான்றிதழுக்கும் வரிசையில் நின்று, ஆபரேஷன் முடிந்து தலையில் கட்டோடு படுத்திருந்த பிள்ளையின் பக்கத்தில் விழித்திருந்த எவருக்கும் அந்தக் கவலை இருக்கும். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதில்தான் பிழை நடக்கிறது. தெளிவு வாயில் பிறப்பதாக நினைத்து நாக்கையும் உதட்டையும் திருத்திக்கொண்டிருக்கிறோம். பிள்ளை எதைத் தெளிவாக, திரும்பத் திரும்ப, அர்த்தத்தோடு கேட்கிறதோ அதைத்தான் தெளிவாகப் பேசும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

காது கேட்கும் குழந்தை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவள் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகும் ஏறக்குறைய ஓர் ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் முதல் வார்த்தையைச் சொல்கிறது. அந்த ஓராண்டில் யாரும் அதற்குப் பரீட்சை வைப்பதில்லை. குளிப்பாட்டும்போது பேசுகிறோம், சோறு ஊட்டும்போது பேசுகிறோம், தூங்க வைக்கும்போது பாடுகிறோம். நம் பிள்ளைக்கு மட்டும், மெஷினை ஸ்விட்ச் ஆன் செய்த மறுவாரமே "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு மூன்று வயது ஆகியிருக்கலாம். ஸ்விட்ச் ஆன் ஆகி ஆறு மாதம்தான் என்றால் அதன் காதுக்கு வயது ஆறு மாதம். ஆறு மாதக் குழந்தையிடம் வாக்கியம் கேட்பீர்களா?

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். இயற்கையான உட்செவியில், ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுக்கும் உள் மயிரணுக்கள் சுமார் 3,500 இருக்கின்றன. இம்ப்ளாண்டில் அந்த வேலையைப் பார்ப்பவை, கருவியின் தயாரிப்பைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள்தாம். இவ்வளவு குறைந்த முனைகளைக் கொண்டு ஒரு பிள்ளை மொழியையே கற்றுக்கொள்கிறது என்பது பெரிய சாதனை. ஆனால் எல்லா ஒலியும் அதற்கு ஒரே அளவில் எளிதல்ல. ஒலியின் கால அளவையும் தாளத்தையும் கருவி நன்றாகவே கடத்துகிறது. அதனால் கல் வேறு, கால் வேறு என்பது சீக்கிரம் பிடிபடும். குரலின் ஏற்ற இறக்கமும், நெருங்கிய ஒலிகளுக்கு நடுவே உள்ள நுணுக்கமும் அவ்வளவு எளிதில் போய்ச் சேர்வதில்லை. மனமும் மணமும், ஒலியும் ஒளியும் ஒழியும் பிரிந்து கேட்க நாளாகும். மங்கலாகக் கேட்ட ஒலியை மங்கலாகத்தான் சொல்ல முடியும். அதற்குப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்?

கேட்கக் கற்றுக்கொள்வது மூளையின் வேலை. அதற்கு மூளை தரும் அவகாசமும் அளவானது. ஆய்வாளர்கள் அனு சர்மா, மைக்கேல் டார்மன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதுக்குள் இம்ப்ளாண்ட் பெற்ற பிள்ளைகளின் மூளை சில மாதங்களிலேயே ஒலிக்குத் தன் வயதுக்கு ஏற்ப எதிர்வினை காட்டத் தொடங்கியது. ஏழு வயதுக்குப் பிறகு இம்ப்ளாண்ட் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் அந்த முன்னேற்றம் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனைக் கட்டணமில்லாமல் செய்து தருகிறது. இந்த வயது வரம்பையும் மூளையின் அவகாசத்தோடு சேர்த்துப் பாருங்கள். இவ்வளவு நெருக்கடியான ஆண்டுகளில், வாங்கிய கருவியைக் கழற்றி அலமாரியில் வைக்கிறீர்களே, அதை எப்படிப் பொறுப்பது?

ஆம், கழற்றி வைக்கிறீர்கள். பள்ளிவிட்டு வந்ததும் "பாவம், காது வலிக்கும்" என்று கழற்றுகிறீர்கள். விளையாடப் போனால் உடைந்துவிடும் என்று கழற்றுகிறீர்கள். கல்யாண வீட்டில் ஃபோட்டோவுக்குக் கழற்றுகிறீர்கள். ஊருக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள் என்று பேருந்தில் ஏறும்போதே பைக்குள் போட்டுவிடுகிறீர்கள். பேட்டரிச் செலவு, கேபிள் விலை, காயில் விலை எல்லாம் எவ்வளவு கடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சுமை பொய்யல்ல. ஆனாலும் ஒரு கணக்குப் போடுங்கள். பிள்ளை ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கிறது. அதில் 6 மணி நேரம் மட்டும் மெஷின் போட்டிருந்தால், ஸ்விட்ச் ஆன் ஆகி இரண்டு ஆண்டு கழித்தும் அது ஓராண்டுதான் கேட்டிருக்கிறது. "ரெண்டு வருஷமாச்சு, இன்னும் பேச்சு வரலையே" என்று யாரிடம் புலம்புகிறீர்கள்? வெளியே மாட்டும் இன்றைய ப்ராசஸர்கள் பலவற்றில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தது என்ற பதிவும் இருக்கிறது. கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்யும் மேப்பிங்குக்குப் போகும்போது ஆடியாலஜிஸ்ட் அதைக் கணினியில் பார்த்துவிடுவார். அவரிடம் "எப்பவும் போட்டுத்தான் இருக்கான்" என்று சொல்வதால் ஏமாறுவது அவரல்ல. கண் திறந்ததும் மெஷின், தூங்கும்போதும் குளிக்கும்போதும் மட்டும் ஓய்வு: இதற்குக் குறைவான எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாட்டி, தாத்தா, அத்தை என்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் காயிலை எடுத்துத் தலையில் ஒட்டவும் பேட்டரி மாற்றவும் சொல்லிக்கொடுங்கள்.

போட்டிருந்தால் மட்டும் போதாது, கேட்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். டேனியல் லிங் என்ற அறிஞர் இதற்கென்றே ஆறு ஒலிகளைத் தேர்ந்து தந்திருக்கிறார்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேச்சொலிகள் அடங்கும் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. ம் தாழ்ந்த பக்கம், ஸ் உச்சியில். காலையில் மெஷின் போட்டதும், வாய் தெரியாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை என்றால், கேட்டதும் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடட்டும். பெரிய பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். அருகில் இருந்தும் சொல்லுங்கள், சில அடி தள்ளி நின்றும் சொல்லுங்கள். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகாது.

இந்த இரண்டு நிமிடம் உங்களுக்கு என்னவெல்லாம் சொல்லும் தெரியுமா? நேற்றுவரை ஸ் கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லை என்றால், மைக்கின் மூடியில் அழுக்கோ வியர்வையோ அடைத்திருக்கலாம், கேபிள் பழுதாகியிருக்கலாம், மேப் மாற்ற வேண்டியிருக்கலாம். ஈ சொன்னால் ஊ என்று திருப்பிச் சொல்கிறதா? அந்த இரண்டு உயிரொலிகளுக்கும் தாழ்ந்த பகுதி ஏறக்குறைய ஒன்றுதான். ஈயைப் பிரித்துக் காட்டுவது அதன் உயர்ந்த பகுதி. அது காதுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். இதை ஆடியாலஜிஸ்டிடம் போய்ச் சொன்னால் அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று உடனே புரியும். "ஏதோ சரியாக் கேட்கலைங்க" என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? ஆனால் நீங்களோ, வாரக் கணக்கில் பழுதான மைக்கோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "இப்பல்லாம் கவனிக்கவே மாட்டேங்கிறான், சோம்பேறி" என்று பட்டமும் கொடுக்கிறீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் ப்ராசஸரைத் தினமும் இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். மேப்பிங் தேதியைத் திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது வீட்டுச் சத்தம். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் மிக்ஸி, தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேன். இவற்றுக்கு நடுவே, சமையல்கட்டிலிருந்து "டேய், வந்து சாப்பிடு" என்று கத்துகிறீர்கள். நமக்கு இரைச்சலை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் பிடிக்கத் தெரியும். இம்ப்ளாண்ட் வழியாகக் கேட்கும் பிள்ளைக்கு அது மிகக் கடினம். தூரம் இரட்டிப்பானால், திறந்த வெளியில் குரலின் அளவு 6 டெசிபல் குறைகிறது. இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கிறது. கத்துவதால் இது சரியாகாது. கத்தும்போது உயிரொலிகள்தாம் பெருக்கின்றன. ஸ், த், ப் போன்றவை பின்னால் அமுங்கிப் போகின்றன. டிவியை நிறுத்துங்கள். கைக்கெட்டும் தூரத்துக்குப் போங்கள். ஒரு காதில் மட்டும் இம்ப்ளாண்ட் இருந்தால் அந்தக் காதின் பக்கம் உட்காருங்கள். பிறகு சாதாரணக் குரலில் பேசுங்கள். வகுப்பறையிலும் அந்தக் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் இடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது சலுகை அல்ல.

பேசும் விதத்திலும் பெரிய கோளாறு இருக்கிறது. பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்று வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, "பா…ல்… கு…டி…" என்கிறீர்கள். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். படம் வேறு, பாடம் வேறு. விடு வேறு, வீடு வேறு. எல்லாவற்றையும் இழுத்தால், இந்தக் கருவி நன்றாகக் கடத்தக்கூடிய அந்த ஒரே பெரிய வேறுபாட்டையும் நீங்களே அழித்துவிடுகிறீர்கள். பிறகு பிள்ளையும் இழுத்து இழுத்துப் பேசும், "என்ன இப்படி ராகம் போடுறா?" என்று அதையும் குறை சொல்வீர்கள். அவள் உங்கள் பேச்சைத்தான் திருப்பித் தருகிறாள். கொஞ்சம் நிதானமாக, இயல்பான தாளத்தோடு, வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தோடு பேசுங்கள். வாயைக் காட்டிப் பேசாதீர்கள். முதலில் சொல்லுங்கள், பிறகு பொருளைக் காட்டுங்கள். கண்ணுக்கு முன்னால் காதுக்கு வேலை கொடுங்கள்.

ஒற்றை வார்த்தைப் பேச்சையும் நிறுத்துங்கள். "தட்டு. எடு. வா." இப்படியே கேட்டு வளர்ந்த பிள்ளை இப்படியேதான் பேசும். தமிழில் பாதி அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. தட்டை எடு, தட்டுல வை, தட்டுக்குப் பக்கத்துல வை, தட்டோட கொண்டு வா. அந்த ஐ, ல, க்கு, ஓட எல்லாம் பேச்சில் மெலிந்து ஒலிப்பவை. நம் பிள்ளையின் காது முதலில் தவறவிடுவதும் அவற்றைத்தான். அவை இல்லாத பேச்சு, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருந்தாலும், அடுத்தவருக்குப் புரியாது. தோசை ஊற்றும்போது சொல்லுங்கள்: "மாவைக் கரண்டியால எடுக்கிறேன். கல்லுல ஊத்துறேன். எண்ணெய் விட்டாச்சு. சத்தம் கேட்டியா? அப்பாவுக்கு முதல்ல, உனக்கு அடுத்தது." வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கும் ஸ்பீச் தெரபி, பிள்ளை விழித்திருக்கும் 84 மணி நேரத்துக்கு ஈடாகாது. தெரபிஸ்ட் உங்களுக்குச் சொல்லித்தருகிறார். பிள்ளைக்குச் சொல்லித்தருவது நீங்கள். தெரபி நடக்கும் அறைக்கு வெளியே ஃபோன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, உள்ளே போய் உட்காருங்கள்.

சரி, பிள்ளை தப்பாகச் சொன்னால் என்ன செய்வது? தோசையைத் 'தோதை' என்கிறது. "தோதை இல்ல, தோ…சை… சொல்லு" என்று பத்து முறை நிற்கவைக்காதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வாய் தெரியாமல் ஒருமுறை தோசை என்றும் ஒருமுறை தோதை என்றும் நீங்களே சொல்லுங்கள். பிள்ளைக்கு இரண்டும் வேறாகக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் நாக்கைத் திருத்துவதில் பொருளில்லை. மேப்பையும் கருவியையும் பார்க்க வேண்டும், அந்த ஒலியை நிறையக் கேட்க வைக்க வேண்டும். கேட்கிறது, ஆனாலும் சொல்ல வரவில்லை என்றால், அது தெரபிஸ்ட் முறையாகப் பார்க்க வேண்டிய நாக்கின் வேலை. அந்த நேரத்தில் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, பேச்சை நிறுத்தாமல் சரியான வடிவத்தைத் திருப்பித் தருவது: "தோசையா வேணும்? தோசை சூடா இருக்கு. தோசையை ஊதிச் சாப்பிடு." மெல்லிய ஒலி ஒன்று கேட்க வேண்டுமானால் அந்தச் சொல்லை ஒருமுறை காதருகே கிசுகிசுத்தும் சொல்லலாம், கிசுகிசுக்கும்போது உயிரொலி அடங்கி ஸ் போன்ற ஒலிகள் எடுப்பாகக் கேட்கும். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் நீங்களே பதிலையும் சொல்லிவிடும் வீட்டில் பிள்ளைக்குப் பேச இடம் ஏது?

புரியாமலே புரிந்ததுபோல் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவதும் தவறு. பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். "நாய்னு சொன்னது புரிஞ்சுது, நாய் என்ன பண்ணுச்சு?" என்று புரிந்த பகுதியைச் சொல்லிப் புரியாத பகுதியைக் கேளுங்கள். அதேபோல, பிள்ளை வாய் திறக்கும் முன்பே அடுத்தவருக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். கடைக்காரரிடம் அது தானே பேசி மிட்டாய் வாங்கட்டும். அவருக்கு முதல் முறை புரியாவிட்டால் இரண்டாம் முறை சொல்லட்டும். புரிய வைக்க வேண்டிய தேவை வந்தால்தான் தெளிவாகப் பேச வேண்டிய தேவை வரும்.

ஆங்கிலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறோம் என்று, வீட்டில் நீங்கள் சரளமாகப் பேசும் தமிழை விட்டுவிட்டு, "கம், சிட், ஈட்" என்று நாலு வார்த்தையில் பிள்ளையை வளர்க்காதீர்கள். எந்த மொழியில் உங்களுக்குக் கதையும் கோபமும் கொஞ்சலும் தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழியில்தான் பிள்ளைக்கு நிறையக் கொடுக்க முடியும். ஒரு மொழி உறுதியாக நின்றுவிட்டால் அடுத்த மொழிக்கு அது துணைநிற்கும்.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விடுங்கள். காது கேட்கும் நாலு வயதுப் பிள்ளைகளே பழத்தைப் பளம் என்றும் பயம் என்றும் சொல்கிறார்கள். ழகரமும் றகரமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிந்தி வருபவை. ம, ப, ந, த, க போன்றவை உறுதியாகட்டும். அவற்றையே இன்னும் கேட்டுப் பழகும் பிள்ளையிடம் ழகரத்துக்காக மல்லுக்கு நிற்பது கொடுமை.

இவ்வளவு கண்டித்த பிறகு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பேச்சு அந்த அளவுக்குத் தெளியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உட்செவியின் அமைப்பே பிறவியில் மாறியிருக்கலாம், கேட்கும் நரம்பு மெலிந்திருக்கலாம், நாக்கையும் உதட்டையும் இயக்குவதிலோ வேறு வளர்ச்சியிலோ தனிச் சிரமம் இருக்கலாம், ஆபரேஷனே தாமதமாகியிருக்கலாம். அந்தப் பெற்றோர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சைகை மொழி தேவை என்று வல்லுநர் சொன்னால், அதைத் தோல்வியாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு வரும்வரை காத்திரு என்று ஒரு பிள்ளையை மொழியே இல்லாமல் உட்கார வைப்பதைப் போன்ற அநீதி வேறில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன், பிள்ளைக்கு முழுதாகக் கேட்கும் வாய்ப்பைக் கொடுத்தோமா என்று உண்மையாகப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

ஆகவே நாளை முதல் இவ்வளவு செய்யுங்கள். கண் திறந்ததும் மெஷின். மெஷின் போட்டதும் ஆறு ஒலி. பேசும்போது டிவி நிற்கட்டும். பக்கத்தில் போய், முழு வாக்கியத்தில், இயல்பான குரலில் பேசுங்கள். ஒரு நோட்டில் எந்த ஒலி கேட்டது, எது கேட்கவில்லை, எந்தச் சொல் புதிதாக வந்தது என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது "எப்போ தெளிவாப் பேசுவான்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த நோட்டைத் திறந்து வைத்து, "எந்த ஒலி இன்னும் இவனுக்குப் போய்ச் சேரல, அதை வீட்டுல நான் எப்படிக் கேட்க வைக்கிறது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு யாராலும் தேதி சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்கு அன்றே வேலை கிடைக்கும். அந்த வேலையைச் செய்யுங்கள்.